கை நடுங்குறது யாருக்குத் தெரியும்?

இந்த எபிசோடுல மேடை பயத்தைப் பத்திப் பேசலாம். மேடைன்னா மைக்கும் மாலையும் இருக்கணும்னு இல்ல. திங்கட்கிழமை மீட்டிங்ல பத்துப் பேர் முன்னாடி டெமோ காட்டுறதும் மேடைதான். மூணு மாசம் கஷ்டப்பட்டு கோட் எழுதினவர் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்து சீட்டுக்காரர் அதை விளக்கிப் பேர் வாங்கிட்டுப் போயிடுவார். பயத்துக்கு நாம கொடுக்கிற விலை இதுதான்.

காந்தியையே எடுத்துக்கோங்க. லண்டன்ல சட்டம் படிச்சுட்டு 1891-ல ஊர் திரும்பினவர். பம்பாய் கோர்ட்டுல முதல் கேஸ், ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணை பண்ண எழுந்து நின்னார். தலை சுத்துச்சு, ஒரு கேள்வியும் வரல. உட்கார்ந்துட்டார். கேஸ் வேற வக்கீல் கைக்குப் போயிடுச்சு.

அதே காந்தி 1893-ல, தென்னாப்பிரிக்காவில இருக்கிற பிரிட்டோரியாவில, அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிப் பேசினார். தன்னோட முதல் பொதுப் பேச்சுன்னு சுயசரிதையில அதைத்தான் சொல்றார். வியாபாரத்துல உண்மையா நடக்கணும்ங்கிறது தலைப்பு. நல்லாத் தயார் பண்ணிட்டுப் போயிருக்கார். என்ன மாறுச்சு? எனக்குத் தோணுறது இதுதான்: தன்னைப் பத்தின கவலையைவிட, எதிர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் பெருசா இருந்துச்சு.

"சரி, என் கை நடுங்குதே, எல்லாரும் பார்ப்பாங்களே?"ன்னு கேட்கலாம். சவிட்ஸ்கி, கிலோவிச்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைப் பேச வெச்சு இதைச் சோதிச்சாங்க. 2003-ல ஆய்வு வெளியாச்சு. பேசினவங்க நினைச்ச அளவுக்கு அவங்க பதற்றம் கேட்டவங்களுக்குத் தெரியல. நம்ம நெஞ்சு அடிச்சுக்கிறது நமக்கு மட்டும்தான் அவ்வளவு சத்தமா கேட்குது. இந்த உண்மையை முன்னாடியே சொல்லி அனுப்பினவங்க, மத்தவங்களைவிட நல்லாவே பேசினாங்க.

அப்போ அடுத்த டெமோவுக்கு மூணே வேலை. கேட்கிறவங்க எதைத் தெரிஞ்சுக்கணும்னு ஒரே வரியில எழுதுங்க. முதல் ரெண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. முழுசையும் வாய்விட்டு ரெண்டு தடவை சொல்லிப் பாருங்க. மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிறது கணக்குல வராது.

கை நடுங்கினா நடுங்கட்டும். நீங்க செஞ்ச வேலையை நீங்களே சொல்லுங்க. எப்படிப் போச்சுன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.