டிக்... டிக்... டிக்...



எங்கள் பங்கு இல்லத்தில், குமிழைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும் கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. சமைக்கிற அம்மா அதிகாலை ஐந்தரைக்கு வந்துவிடுவார். அவர் வந்துவிட்டார் என்பதை நான் ஒரு சத்தத்தை வைத்துத்தான் அறிவேன். ‘டிக்... டிக்... டிக்...’ என்று ஏழெட்டு முறை கேட்கும். பிறகு தீக்குச்சி உரசும் சத்தம். சற்று நேரத்தில் காபி வந்துவிடும். மாதக்கணக்காக இப்படித்தான் நடந்துவந்தது.

ஒருநாள் காபியை நீட்டிய அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே முடியெல்லாம் பொசுங்கியிருந்தது. “என்னம்மா இது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல சாமி. அடுப்பு சட்டுன்னு பிடிக்கிறதில்ல. இன்னிக்குக் குப்புன்னு பிடிச்சிருச்சு.”

“ஏன் சொல்லவே இல்லை?”

“இதையெல்லாம் போய் உங்ககிட்டச் சொல்லணுமா சாமி?”

என்னால் பதில் பேச முடியவில்லை. அவர் வாயால் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் அந்த அடுப்பு தினமும் என் காதில் சொல்லிக்கொண்டுதானே இருந்தது!

எண்ணிப் பாருங்கள். பொறி வராவிட்டாலும், திருகும் ஒவ்வொரு முறையும் கேஸ் வருகிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். அதற்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்றே நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். ஏழு முறை திருகிவிட்டு உடனே தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும்? அன்று முடியோடு போயிற்று.

அன்றே அடுப்பு பழுதுபார்ப்பவரை அழைத்தேன். “பாகமே போய்விட்டதா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். குமிழைத் திருகும்போது உள்ளே ஒரு சிறு சுத்தி படிகத்தின்மேல் அடிக்கிறது. அழுத்தம் பட்டால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்த மின்சாரம்தான் பர்னர் அருகே உள்ள சிறு கம்பி முனையில் பொறியாகத் தாவுகிறது. எங்கள் அடுப்பில் படிகம் நன்றாகவே இருந்தது. பொங்கி வழிந்த பால் கம்பி முனையில் காய்ந்து, கரியாகப் படிந்திருந்தது. பொறி போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துபோயிற்று.

அவர் முதலில் ரெகுலேட்டரை மூடினார். அடுப்பு ஆறியபின் பர்னரின் மூடியைக் கழற்றினார். பழைய பல்துலக்கும் பிரஷால் கம்பி முனையையும் அதைச் சுற்றியுள்ள பீங்கானையும் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தார். பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றவேண்டுமாம். பர்னர் துளைகளைச் சுத்தம் செய்து, மூடியைச் சரியாகப் பொருத்தினார். பேட்டரி போட்ட அடுப்பாக இருந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்கச் சொன்னார். கால்மணி நேர வேலை. ஒரே திருகலில் நீலச்சுடர் எழுந்தது. அந்த அம்மா சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கால்மணி நேர வேலைக்காக ஒருவர் மாதக்கணக்கில் பயந்து பயந்து அடுப்புப் பற்றவைத்திருக்கிறார். நானோ காபிக்காகக் காத்திருந்தேன்.

அன்புக்குரியவர்களே, இன்று உங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு நிமிடம் அருகே போய் நில்லுங்கள். இரண்டு முறை திருகியும் பிடிக்காவிட்டால் அடைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் தீக்குச்சியும் வேண்டாம், மின்விளக்குச் சுவிட்சும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

பிறகு, நமக்காகச் சமைப்பவரின் கைகளையும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாமே கேட்போம்.