கரண்ட் நுழையும் இடத்திலிருந்து தொடங்குவோம்



புதிதாக ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் போடலாம் என்று எண்ணியிருப்பவர்களுக்கும், கடையிலோ வீட்டிலோ இருக்கும் பழைய பெட்டியைத் தேற்றி இன்னும் சில வருடம் ஓட்ட முடியுமா என்று யோசிப்பவர்களுக்கும் இன்றைய பேச்சு. பாப்பாரப்பட்டியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "அண்ணா, ஐ-3 போதுமா, ஐ-5 போடணுமா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல எர்த் சரியா இருக்கா?" என்று. கேட்டவர் முகத்தில் குழப்பம் தெரியும். ஆனால் நம் பக்கத்தில் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னை ரிச்சி தெருவில் விற்கும் பாகமும், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விற்கும் பாகமும், தருமபுரியில் நம் கைக்கு வரும் பாகமும் ஒன்றேதான். அது போய் ஓடப்போகும் இடம்தான் வேறு. சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் கடை. கேழ்வரகு அடிக்கும் நாட்களில் ஜன்னல் வழியே வந்து படியும் தூசி. லைனின் கடைசியில் இருக்கும் வீடு என்றால், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அவை நின்றதும் ஏறும். ஏசி அறையில் வைத்துப் பார்த்துச் சொல்லும் சிபாரிசுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிப்படாது.

ஆகவே முதல் பாகம் எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டுக்குள் மூலையில், பின்பக்கம் விசிறியோடு இருக்கும் இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் வயரை இதில்தான் செருகுகிறோம். ஏரிக்கு மதகு எப்படியோ, கம்ப்யூட்டருக்கு இது அப்படி. வெளியே எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே அளந்துதான் விட வேண்டும். வெளியிலிருந்து வருவது 230 வோல்ட் ஏசி. உள்ளே இருக்கும் சில்லுகளுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டிசி. இந்தப் பெட்டி முதலில் ஏசியை டிசியாக்குகிறது. அப்போது உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, வடிகட்டித் தருகிறது. அம்மாமார்களே, தம்பிகளே, ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். வீடியோ பார்த்துவிட்டு இதைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சும்மா இருக்கும்போது நன்றாக ஓடும். முகூர்த்த வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தால் பாதியில் பட்டென்று அணைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மதர்போர்டு போய்விட்டது என்று இன்னொருவர். அவர் புது கார்டு வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கேபினெட்டின் பக்கவாட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னக் கட்டத்தில், 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தது. இந்தக் கணக்கை எல்லோரும் போடலாம்: 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180. இந்தக் காலத்து பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் உண்கின்றன. அவருடைய கார்டு மட்டும் 120 வாட்ஸ் கேட்கும். முழு வேகத்தில் பிராசசர் 90 வரை கேட்கும். கூட்டினால் 210. கொடுக்க முடிவது 180. அணையாமல் என்ன செய்யும்? நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று மாற்றினோம். அந்தக் கார்டும் போர்டும் இன்றைக்கும் அவரிடம் ஓடுகின்றன.

கடையில் எஸ்.எம்.பி.எஸ். கேட்கும்போது எத்தனை வாட்ஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பி, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். உண்மையான 450 வாட்ஸ் பெட்டியில் அந்த எண் 35-ஐ ஒட்டி இருக்கும். இரண்டாவதாக, 80 பிளஸ் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2004-இல் தொடங்கிய தரச்சான்று அது. சுவரிலிருந்து 100 வாட்ஸ் எடுத்தால் 80 வாட்ஸாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை. மீதி வெப்பமாக வீணாகும். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டிகளில் இந்த வீண் அதிகம். அந்த வெப்பமும் நம் கோடையோடு சேர்ந்து உள்ளேயே சுற்றும்.

கெபாசிட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய உருளை போல நிற்குமே, அது. அதன் உள்ளே ஈரமான ஒரு பொருள் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. விலை மலிந்த பெட்டிகளில் 85 டிகிரி தாங்கும் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். நல்லவற்றில் 105 டிகிரி. தருமபுரி மாவட்டத்து வெயிலுக்கு இந்த 20 டிகிரி வித்தியாசம் சில வருட ஆயுளைக் கூட்டித் தரும். 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உப்பி, தலை வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லாததே காரணம். அந்தக் காலத்து போர்டு ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். உச்சி தட்டையாக இல்லாமல் மேடாக இருந்தால் அதுதான்.

இப்போது எர்த்துக்கு வருகிறேன். "கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது அண்ணா" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டெஸ்டர் வைத்தால் எரியும். பாகம் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பல வீடுகளில் பாகம் கெட்டிருக்காது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. அவை தம் வழியாகக் கசியும் சிறு மின்சாரத்தை உடம்பு இரும்புக்கு, அதாவது எர்த் வயருக்கு, அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது போக இடமில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். நீங்கள் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் அடாப்டரில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே உண்மையிலேயே பழுது வந்து 230 வோல்ட் இரும்பில் ஏறினால், உயிரைக் காப்பது அந்த ஒரு பின்தான். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்துவிடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் போதும்; இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

யூ.பி.எஸ். பற்றி இரண்டே வார்த்தை. 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தரும். ஆபீஸ் வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். தாளைச் சூடாக்கும் நேரத்தில் அது இழுக்கும் கரண்ட்டை யூ.பி.எஸ். தாங்காது. ஜெராக்ஸ் கடைக்காரர்களும் இ-சேவை மையக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இ-சேவை என்றதும் ஞாபகம் வருகிறது. பென்னாகரம் பக்கம் மையம் நடத்தும் அம்மா ஒருவர் புது கம்ப்யூட்டருக்கு விலை கேட்க வந்தார். காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்தாலும் திரை வராதாம். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் வந்தவர்கள் வாசலில் நிற்பார்களாம். அவருடைய பெட்டியைப் பார்த்தேன். பிராசசர் நன்றாகவே இருந்தது. தடை ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அதன் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். வேண்டிய இடம் சுற்றி வரும் வரை ஊசிமுனை காத்திருக்க வேண்டும். திரை வருவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான காத்திருப்புகள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது என்ற பேச்சே இல்லை; எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தரும். ஒரு எஸ்.எஸ்.டி.யும், ஏற்கெனவே இருந்த 4 ஜிபி ராமோடு இன்னொரு 4 ஜிபியும் போட்டேன். புதுசுக்கு என்று அவர் ஒதுக்கியிருந்த பணத்தில் சிறு பங்குதான் செலவானது. மீதியில் ஒரு நல்ல பிரிண்டர் வாங்கிக்கொண்டார். பழையதைத் தேற்ற நினைக்கும் யாருக்கும் என் முதல் பதில் எஸ்.எஸ்.டி.தான். பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல், போட்டோக்களைச் சேமிக்க உள்ளேயே விட்டுவிடலாம்.

ராம் வாங்கும் முன் உங்கள் போர்டு டிடிஆர் 3-ஆ, 4-ஆ, 5-ஆ என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது, அழுத்தினால் உடையும். ஆபீஸ் வேலைக்கு 8 ஜிபி, எடிட்டிங்குக்கு 16 ஜிபி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதைப் பார்க்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இப்போது தேவைக்கு மட்டும் வாங்குங்கள். போர்டில் ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைத்தால், விலை இறங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

பிராசசரைப் பற்றி விரிவாகப் பேச இன்று நேரமில்லை, நேயர்களே. முக்கியமானது மட்டும். பிராசசரும் மதர்போர்டும் ஜோடி சேர வேண்டும்: இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700, ஏஎம்டி ரைசன் என்றால் ஏஎம் 4 அல்லது ஏஎம் 5. இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், அதில் திரைக்குப் படம் தரும் வசதி கிடையாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டே ஆக வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் விலை குறைவு என்று எஃப் வாங்கி வந்து, எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, திரை கறுப்பாகவே இருக்கிறது என்று கண் கலங்கி நின்றார். எந்தப் பாகமும் பழுதில்லை. பழைய கார்டு ஒன்றைத் தேடிப் போட்டதும் படம் வந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிடும் பழைய பிராண்டட் பெட்டிகள் நம் பக்கம் நிறைய வருகின்றன. உறுதியானவை, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அருமையானவை. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, இன்டெல் என்றால் எந்தத் தலைமுறை? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தையது கையில் இருந்தால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். தமிழ் தட்டச்சும் அதில் நன்றாக வரும். இரண்டு, எஸ்.எம்.பி.எஸ். இணைப்பு எப்படி? இவற்றில் பலவற்றில் வழக்கமான 24 பின் இணைப்பு இருக்காது. அந்தந்தக் கம்பெனிக்கே உரிய இணைப்பு இருக்கும். நாளை அது போனால் கடையில் தொங்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. அதே மாடலுக்கு உரியதைத் தேட வேண்டியிருக்கும்.

அறிவிப்பாளர் நேரம் காட்டுகிறார். முதலில் எர்த்தும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும், அடுத்து எஸ்.எஸ்.டி., பிறகு ராம், மிச்சப் பணத்துக்கு ஏற்ற பிராசசர் என்ற இந்த வரிசையில் உங்கள் வீட்டுப் பெட்டி அமைந்து, பிள்ளைகள் படிப்புக்கும் உங்கள் தொழிலுக்கும் பல கோடைகள் தாண்டி உழைக்கட்டும். கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். அதில் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே, கடைக்காரர் முன்னாலேயே, பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலில் பில்லின் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.