எருசலேம் விழாது என்றவர்கள்

கடல் பிளந்தது, தண்ணீர் இருபுறமும் மதிலாக நின்றது, எகிப்திலிருந்து வந்த அடிமைக் கூட்டம் கால் நனையாமல் கரையேறியது. எபிரேய வேதத்தில் ஊரறிந்த கதை. தண்ணீர் எப்படி நின்றது என்று ஒரு கூட்டம் காற்றின் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. நம்புகிறவனுக்கு இனி ஒரு கேடும் வராது என்று இன்னொரு கூட்டம் முழங்குகிறது. இரு கூட்டமும் புத்தகத்தைப் பாதியில் மூடிவைத்தவை!

கடலைக் கடந்தவர்களுக்குச் சீனாய் மலையில் கிடைத்தது என்ன? சட்டம். அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன் என்கிறது யாத்திராகமம். ஏழாம் ஆண்டில் அடிமையை விடுவி, வெறுங்கையோடு அனுப்பாதே என்கிறது உபாகமம். அதற்கும் எகிப்தையே காரணம் காட்டுகிறது. மீட்கப்பட்டவன் கையில் தாயத்து கட்டப்படவில்லை; தலையில் கடன் ஏறியிருக்கிறது. எங்களை மட்டுமே மீட்டார் என்று பெருமை பேசவும் வழியில்லை. பெலிஸ்தரையும் சீரியரையும் அவர்களுடைய பழைய நாடுகளிலிருந்து கொண்டுவந்தவரும் அதே கடவுள்தான் என்று தீர்க்கதரிசி ஆமோஸ் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இனி கி.மு. 701-க்கு வாருங்கள். அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டுக்குள் புகுந்தான். 46 அரணுள்ள ஊர்களைப் பிடித்தேன், யூதாவின் அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவையாக அடைத்தேன் என்று அவனுடைய களிமண் ஆவணம் பீற்றிக்கொள்கிறது. எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை! தூதன் இறங்கி, ஒரே இரவில் அசீரியப் படையில் 1,85,000 பேர் மடிந்தார்கள் என்கிறது இரண்டாம் இராஜாக்கள். எசேக்கியா வெள்ளியும் பொன்னும் கப்பம் கட்டியதையும் அதே நூல் ஒளிக்காமல் சொல்கிறது. அற்புதம் பேசும் மேடைகளில் அந்த வசனம் ஏனோ காதில் விழுவதில்லை.

நகரம் தப்பியது. அதுவே வினையாயிற்று. ஆலயம் இருக்கும்வரை எருசலேம் விழாது என்ற இறுமாப்பு ஒரு நூற்றாண்டில் முற்றிப் பழுத்தது. ஆலய வாசலிலேயே நின்று தீர்க்கதரிசி எரேமியா அதை வெளுத்து வாங்கினார்.

பாபிலோனியர் முற்றுகையிட்டபோது, பயத்தில், சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் எபிரேய அடிமைகளை விடுவித்தார்கள். எகிப்தியப் படை வருகிறதென்று முற்றுகை சற்றே விலகியது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? விடுவித்தவர்களையே இழுத்து வந்து மறுபடியும் அடிமையாக்கினார்கள்! எகிப்திலிருந்து மீண்டவர்களின் வாரிசுகள், சொந்தச் சகோதரருக்குப் பார்வோன் ஆனார்கள். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள். கி.மு. 587-லோ 586-லோ நகரமும் ஆலயமும் எரிந்தன. இம்முறை ஒரு தூதனும் இறங்கவில்லை.

அந்த முற்றுகைக்குள்ளும் ஒரு மீட்பு நடந்ததை மறக்க வேண்டாம். சேற்றுக் கிணற்றில் இறக்கப்பட்ட எரேமியாவை வெளியே எடுத்தவன் எபெத்மெலேக்கு, அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன். அரசனிடம் போய்த் துணிந்து வாதாடினான். கயிறு அறுக்காமலிருக்க அக்குளில் வைத்துக்கொள்ளக் கந்தல் துணிகளையும் தேடி இறக்கினான். எகிப்தை மறந்த பிரபுக்கள் அன்று எரேமியாவைச் சாகடிக்கத்தான் கேட்டிருந்தார்கள். அவரைத் தூக்கிவிட்டது, சட்டம் ஒடுக்காதே என்று சொன்ன அந்த அந்நியன்!