பிள்ளையை யார் கையில் கொடுத்துட்டுப் போறோம்?

(காரைக்காலில் நடந்த மகளிர், இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. அணித் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐ.டி. விங் பையன் மைக்கைப் பிடிச்சா மீம்ஸ், டிரெண்டிங்னுதான் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. இன்னிக்கு வேற விஷயம். ஒன்றரை வயசுக் குழந்தையை வெச்சிருக்கிற ஒரு அம்மா, காலையில வேலைக்குக் கிளம்பும்போது அந்தக் குழந்தையை யார்கிட்ட விட்டுட்டுப் போறாங்க?

"பாட்டி இருக்காங்கல்ல"ன்னு உடனே சொல்லிடுவோம். முட்டிவலியோட இருக்கிற பாட்டி, நடக்கப் பழகின பேரன் பின்னாடி நாள் முழுக்க ஓட முடியுமா? நாம அவங்ககிட்ட கேக்கவே இல்ல. "அங்கன்வாடி இருக்கே"ன்னு அடுத்த பதில் வரும். 1975 அக்டோபர் 2-ல தொடங்கின ஐ.சி.டி.எஸ். திட்டம் கோடிக்கணக்கான பிள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்கு, மறுக்கல. ஆனா அங்க முன்பருவக் கல்வி 3 வயசுலேர்ந்துதான். கைக்குழந்தையை நாள் முழுக்கப் பாத்துக்கிறதுக்காக உருவானது இல்ல அது. சாயங்காலம் கடை மூடுற வரைக்கும் நிக்கிற பெண்ணுக்கும், ஆஸ்பத்திரியில ஷிப்ட் பாக்குற நர்ஸுக்கும், விடியறதுக்கு முன்னாடி மீன் எடுக்கப் போற அம்மாவுக்கும் அது போதாது.

அதனால நம்ம ஊர்ல என்ன நடக்குது? தெருவுல ஒரு அக்கா இருப்பாங்க. நாலு வீட்டுப் பிள்ளைங்களைப் பாத்துப்பாங்க. மாசம் இவ்வளவுன்னு வாய்ப் பேச்சுதான்.

எங்க வீட்டுலயே அக்கா பிள்ளைக்கு ஆள் தேடினோம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், எக்செல் ஷீட் போட்டேன். தூரம், சம்பளம், நேரம்னு மூணு காலம். எங்க அக்கா அதைத் திரும்பிக்கூட பாக்கல. அது நேரா அந்த வீட்டுக்குப் போச்சு. சொல்லாம கொள்ளாம, ரெண்டு தடவை, வேற வேற நேரத்துல. அங்க இருந்த பிள்ளைங்க முகத்தைப் பாத்துச்சு. எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணுச்சு. அந்த வீட்டுல வேற யார் யார் இருக்காங்க, பகல்ல யார் வந்து போறாங்கன்னு கேட்டுச்சு. இதைக் கேக்கக் கூச்சப்படாதீங்க. கேக்க வேண்டிய கேள்வி. போக்சோ சட்டம் 2012-லேர்ந்து இருக்கு, 1098 எண் இருக்கு, ஆனா ரெண்டும் நடந்த பிறகு ஓடுற ஓட்டம். அழுதா போன் குடுக்குறாங்களான்னும் பாத்துச்சு. 2 வயசு ஆகுற வரைக்கும் திரையே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. நம்ம வீட்டுலயே அதை யாரும் கடைப்பிடிக்கல, அது வேற கதை.

கடைசியா எங்க அக்கா கொல்லைப்பக்கம் போயி பாத்துச்சு. கிணறு மூடியிருக்கா, வாய்க்கால் எவ்வளவு தூரம், தண்ணி பிடிச்சு வெச்ச அண்டா எங்க இருக்குன்னு. எனக்கு இது தோணவே இல்ல.

தோழர்களே, நம்ம ஊர் டெல்டாவோட கடைமடை. குளம், வாய்க்கால், அரசலாறு, அதுக்கப்புறம் கடல். தண்ணியில மூழ்கி இறக்குற ஆபத்து 1 முதல் 4 வயசுப் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சத்தமே வராது. அம்மா துணி துவைச்சு நிமிர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

இதுக்கு விடை கண்டுபிடிச்சது நம்மள மாதிரியே ஒரு டெல்டா, வங்காளதேசம். கிராமப் பிள்ளைங்க எப்ப மூழ்குறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. பெரும்பாலும் காலை 9-லேர்ந்து மதியம் 1 மணிக்குள்ள, அம்மா வேலையா இருக்கிற நேரம். அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் உள்ளூர் பெண் ஒருத்தருக்குப் பயிற்சி குடுத்து, அவங்க வீட்டுலயே 20, 25 பிள்ளைங்களைப் பாத்துக்க வெச்சாங்க. பேரு 'ஆஞ்சல்', அதாவது முந்தானை. அங்க வந்த பிள்ளைங்க மத்தியில மூழ்கி இறக்குறது 80 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சுது. 2022-ல அந்த நாட்டு அரசே 8,000 மையத்துக்கு ஒப்புதல் குடுத்துச்சு. பெரிய டெக்னாலஜி ஒண்ணும் இல்ல. ஒரு பெண், ஒரு வீடு, ஒரு வேலி.

இன்னொரு பக்கம் பாருங்க. 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சியில இருந்த ஊர் இது, நம்மள்ல நிறைய பேருக்குச் சொந்தக்காரங்க பிரான்ஸ்ல இருக்காங்க. அவங்ககிட்ட கேளுங்க. அங்க பிள்ளை பாத்துக்கிற பெண்ணை 'நூனூ'ன்னு செல்லமா கூப்பிடுவாங்க, ஆனா சட்டப்படி அவங்க லைசென்ஸ் வாங்கின தொழிலாளி. மாவட்ட நிர்வாகத்து ஆள் வீட்டுக்கே வந்து பாத்துட்டுத்தான் அனுமதி குடுப்பாங்க. 120 மணி நேரப் பயிற்சி உண்டு. பொதுவா ஒரே நேரத்துல 4 பிள்ளைக்கு மேல கூடாது. அந்த வீட்டுல இருக்கிற பெரியவங்க மேல குற்றப் பதிவு இருக்கான்னும் பாப்பாங்க. எங்க அக்கா தனியா போயி பாத்ததையெல்லாம் அங்க அரசாங்கம் பாக்குது. மாமன் மகன் பிள்ளைக்குப் பாரிஸ்ல கிடைக்கிறது, கோட்டுச்சேரியில இருக்கிற பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம்மகிட்ட ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போயி பாத்துட்டு வரலாம்னு 2017 திருத்தத்துலயே சட்டம் சொல்லிடுச்சு. நம்ம மாவட்டத்துல எத்தனை முதலாளிங்க இதைப் படிச்சிருப்பாங்க? தேசியக் காப்பகத் திட்டம்னு ஒண்ணு இருந்தது. 6 மாசக் குழந்தையிலேர்ந்து 6 வயசு வரைக்கும், தினம் ஏழரை மணி நேரம், மாசம் 26 நாள். அதுதான் இப்ப மிஷன் சக்தியில 'பால்னா'ன்னு பேர் மாறி, அங்கன்வாடியோட சேர்த்துக் காப்பகம் நடத்தலாம்னு வந்திருக்கு. கேட்டு வாங்கணும்.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்றேன். பிள்ளை பாத்துக்கிற அந்த அக்காகிட்ட ஐநூறு ரூபா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீங்க. கம்மியா குடுத்தா அவங்க இன்னும் மூணு பிள்ளை சேர்த்துப்பாங்க, அப்புறம் உங்க பிள்ளை மேல இருக்கிற கண்ணு குறையும்.

வர்ற ஞாயித்துக்கிழமை திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திரு.பட்டினம், காரைக்கால் நகராட்சின்னு ஆறு குழுவா பிரியறோம். தெருவுக்குத் தெரு மூணு விஷயம் எழுதணும். 3 வயசுக்குக் கீழ எத்தனை பிள்ளை, பகல்ல யார் பாத்துக்கிறாங்க, மூடாத கிணறும் வேலி இல்லாத குளமும் எங்க இருக்கு. பிள்ளைங்க பேரும் போட்டோவும் எடுக்கவே கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும். பட்டியல் கைக்கு வந்ததும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குறோம். வர்றவங்க உங்க தொகுதி நிர்வாகிகிட்ட சனிக்கிழமைக்குள்ள பேர் குடுத்துடுங்க. நோட்டும் பேனாவும் நாங்க கொண்டு வர்றோம்.



#காரைக்கால் #பிள்ளைகள்காப்பகம்