இரண்டாவது ஆட்டம்



கொல்லிமலையில் கிரிக்கெட் ஆடுவதென்றால் பந்து பொறுக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஓங்கி அடித்தால் பந்து எல்லைக்கோட்டோடு நிற்காது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிவிடும். கால்பந்துக்கும் அதே கதிதான். கபடிக்கு அந்தக் கவலை இல்லை. ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12-க்கு 8. மேடும் சரிவுமாகக் கிடக்கிற மலையிலும் இந்த அளவுக்குச் சமமான மண் எப்படியும் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும், கோயில் வாசலில் இருக்கும், அறுவடை முடிந்த வயலில் இருக்கும். மட்டை, பந்து, வலை எதுவும் வேண்டாம். இந்தப் பக்கம் ஏழு பேர், எதிரில் ஏழு பேர், கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்போ சாம்பலோ இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

எதிரில் நிற்கிற அந்த ஏழு பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஜெயிக்கிற அணிக்கு எதிரில் எப்போதும் ஓர் அணி நிற்கிறது அல்லவா? தோற்பதற்கென்றே வந்தது போல ஒவ்வொரு வருஷமும் வந்து, முதல் ஆட்டத்திலேயே தோற்று, மறு வருஷமும் வந்து நிற்கிற அணி. அதன் பெயர் செய்தித்தாளில் வராது. ஒலிபெருக்கியில் ஒரே ஒரு முறை சொல்வார்கள், அதையும் சில சமயம் தப்பாகச் சொல்வார்கள்.

வென்றவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றபோது, சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவின் பெயரையும் வடுவூர் அபினேஷின் பெயரையும் தமிழ்நாடே சொன்னது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு கார்த்திகா வளர வேண்டுமானால் அவர் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வர எதிரில் எத்தனை அணிகள் நின்றிருக்க வேண்டும்? அந்த அணிகளெல்லாம் பாதியிலேயே கலைந்திருந்தால் அவர் யாரோடு ஆடியிருப்பார்?

நம் ஊர்க் கபடிக் குழுக்களின் பெயரைக் கவனித்திருப்பீர்கள். ஊர்ப் பெயர் முன்னால் வரும். பின்னால் 'நண்பர்கள்' என்றோ 'பிரதர்ஸ்' என்றோ குலசாமியின் பெயரோ வரும். மாதச் சந்தா கிடையாது, அலுவலகம் கிடையாது. சட்டையின் முதுகில் ஒரு நகைக்கடையோ உரக்கடையோ விளம்பரம் போட்டிருந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் இதில் இல்லை. ஆட்டத்தை நடத்தும் மாநிலக் கழகத்தின் பெயரிலேயே 'அமெச்சூர்' என்ற சொல் உண்டு. ஆனாலும் வேலையின் நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை அணிகள் இருக்கின்றன. பையன் சாயங்காலம் மண்ணில் புரண்டுவிட்டு வந்தால் அம்மா திட்டாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி ஒரு போட்டி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஊர்த் திருவிழாவை ஒட்டி 'மாபெரும் கபடிப் போட்டி' என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, கூடவே ஆளுயரக் கோப்பை. 32 அணிகள் பதிவு செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்-அவுட் முறை, தோற்றால் வெளியே. மொத்தம் 31 ஆட்டம். அதில் 16 அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. வந்தவர்களில் சரிபாதி! முறைப்படி ஆண்கள் ஆட்டம் பாதிக்கு இருபது நிமிஷம். விடிவதற்குள் முடிக்க வேண்டுமே என்று ஊர்ப் போட்டிகளில் அதையும் குறைத்துவிடுவார்கள்.

இப்போது அந்த 16 அணிகளில் ஒன்று கொல்லிமலையிலிருந்து வந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். கடைசி பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டம் எத்தனை மணிக்கு வரும் என்று நடத்துகிறவர்களுக்கே தெரியாது. அதனால் வாடகைக்கு வண்டி எடுக்க வேண்டும். சாயங்காலம் வந்து பெயர் கொடுத்து, எடை போட்டு, ராத்திரி ஒரு மணி வரை தூங்காமல் உட்கார்ந்திருந்து, அரை மணி நேரம் ஆடி, தோற்று, மறுபடி அதே 70 வளைவு ஏற வேண்டும். முழங்கையில் சிராய்ப்பு, வயிற்றில் பரோட்டா, பையில் ஒன்றுமில்லை.

அடுத்த வருஷமும் இவர்கள் வருகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எடை போடுவது என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். '55 கிலோ', '65 கிலோ' என்று எடைப் பிரிவு வைத்துப் போட்டி நடத்துவது நம் ஊர்களில் பரவலான வழக்கம். வீரர்கள் காலையிலிருந்து பட்டினி கிடந்து தராசில் ஏறுவார்கள். இறங்கியதும் நேரே சாப்பாட்டுக் கடைதான். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நல்ல ஏற்பாடு. ஒல்லிப் பையன்கள் ஏழு பேரைத் தடித்த ஏழு பேரிடமிருந்து இந்த எடைப் பிரிவுதான் காப்பாற்றுகிறது. உடம்புக்கு ஏற்ற எதிரியை நாம் ஏற்பாடு செய்துவிட்டோம். திறமைக்கு ஏற்ற எதிரியை இன்னும் ஏற்பாடு செய்யவில்லை.

அதை ஏற்பாடு செய்த நாடு ஒன்று இருக்கிறது. அயர்லாந்து. அங்கே கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்று இரண்டு மண்ணின் விளையாட்டுகள் உண்டு. அணிக்குப் பதினைந்து பேர். மைதானம் 130 மீட்டருக்குக் குறையாத நீளம். நம் கபடிக்களம் அதன் மூலையில் ஒளிந்துகொள்ளும். 1884-இல் தர்லஸ் என்ற ஊரில் கூடி ஆரம்பித்த கேலிக் தடகளச் சங்கம்தான் இன்றும் இவற்றை நடத்துகிறது. 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும் குரோக் பார்க் அரங்கம் அதற்குச் சொந்தம். ஆனாலும் அங்கே ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த அரங்கில் ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகிற ஆசிரியரை அங்கே பார்க்கலாம்.

அங்கே ஓர் ஊருக்கு ஓர் அணி. பொதுவாகச் சொந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும். பக்கத்து ஊர் அணி நன்றாக ஆடுகிறதே என்று சுலபமாகத் தாவிவிட முடியாது. அதனால் தோற்கிற ஊர் தலைமுறை தலைமுறையாகத் தோற்றுக்கொண்டே இருப்பதும் உண்டு. மேயோ என்ற மாவட்டம் கேலிக் கால்பந்தில் கடைசியாக அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது 1951-இல். அதற்குப் பிறகு 1989 தொடங்கி 2021 வரை பதினொரு முறை இறுதிக்கு வந்து பதினொரு முறையும் தோற்றது. பெரிய மாவட்டத்துக்கே இந்த நிலை என்றால் சின்ன ஊர் அணிகளைக் கேட்க வேண்டாம். ஆனால் அவை சாவதில்லை. ஏன்? அணிகளை அங்கே தரம் பிரித்திருக்கிறார்கள். சீனியர், அதற்குக் கீழே இடைநிலை, அதற்கும் கீழே ஜூனியர். ஜூனியரிலும் ஏ, பி என்று அடுக்குகள். நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், சொதப்பினால் கீழே இறங்கலாம், வெளியே போக வேண்டியதில்லை. அடிமட்டத்து அணிக்கும் அதே அடிமட்டத்தில் ஓர் எதிரணி இருக்கும். அடுத்த வாரமும் ஓர் ஆட்டம் இருக்கும்.

அவர்களுக்கும் குறை இல்லாமல் இல்லை. பிழைப்புக்காகக் குடும்பங்கள் டப்ளினுக்கும் லண்டனுக்கும் போய்விடுவதால் சிறுவர் அணிக்குப் பதினைந்து பேர் சேராமல், இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து ஓர் அணி இறக்குவது அங்கே இப்போது சாதாரணம்.

பிழைப்புக்காகப் போவது கொல்லிமலைக்கும் புதிதல்ல. மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, சேகோ ஆலைகளை நம்பி மரவள்ளிக்கு மாறிவிட்டது. இளைஞர்கள் திருப்பூருக்கும் கேரளத்துத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோல்வியால் கலைந்த கபடிக் குழுவைக் காண்பது அரிது. ஐந்து பேர் ஊரில் இல்லாததால் கலைந்த குழுக்கள்தான் அதிகம். முழங்கால் போனதால் கலைந்தவை அடுத்து வரும். பெண்கள் அணி என்றால் கல்யாணம். பள்ளிக்கூடம் இருக்கும்வரை ஆடுவார்கள், பிறகு அந்த ஏழு பேரை ஒரே இடத்தில் பார்ப்பது ஏதாவது வளைகாப்பில்தான்.

இன்னொன்றும் உண்டு. எந்த ஊரிலும் குழுவைத் தூக்கி நிறுத்துகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். சாயங்காலம் முதல் ஆளாக வந்து கோடு போடுகிறவர், வண்டி பேசுகிறவர், நுழைவுக் கட்டணத்துக்கு நாலு பேரிடம் கை நீட்டுகிறவர், பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்திப் பத்து வருஷம் ஆனவர். அவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் குழு அந்த வருஷம் இறங்காது. அரசும் உதவி செய்யாமல் இல்லை. ஊராட்சிதோறும் கபடிக்கும் கைப்பந்துக்கும் இடம் ஒதுக்கும் திட்டம் முன்பே வந்தது. 2024-இல் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. ஆனால் தொகுப்பு பெட்டியில் வரும். கோடு போடுகிறவர் பெட்டியில் வர மாட்டார்.

தோற்கிற அணிகள் விஷயத்தில் நம் சினிமாவின் மேல் எனக்கு ஒரு வருத்தம். 2009-இல் சுசீந்திரன் இயக்கிய 'வெண்ணிலா கபடிக்குழு' ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்காத கிராமத்து அணியைப் பற்றிய படம். நல்ல படம், இப்போது பார்த்தாலும் அந்தப் பையன்களின் கேலிப் பேச்சு மனசில் நிற்கும். ஆனால் கதைக்குள் ஒரு பயிற்சியாளர் வந்து அவர்களைப் பெரிய போட்டியில் ஜெயிக்க வைக்க வேண்டியிருந்தது. ஜெயிக்காமலே அவர்கள் அடுத்த வருஷமும் ஆடினார்கள் என்று முடித்தால் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். நிஜத்திலோ, பணம் கொட்டினாலும் வெற்றி வரும் என்று நிச்சயமில்லை என்பதற்குத் தமிழ் தலைவாஸ் அணி இருக்கிறது. 2017-இல் புரோ கபடி லீகில் நுழைந்தது. முதல் இரண்டு பருவமும் தன் பிரிவில் கடைசி, மூன்றாவதில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. 2022-இல் அரையிறுதி வரை வந்தது. கோப்பை இன்னும் வரவில்லை. ஆனால் கவனியுங்கள், கடைசி இடத்தில் வந்தாலும் அது லீக் என்பதால் பருவத்துக்கு இருபது ஆட்டத்துக்குமேல் ஆடியது. நம் மலை அணிக்குக் கிடைத்தது ஒன்று.

கொல்லிமலைக்குத் தோற்றவர்களைக் கொண்டாடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வல்வில் ஓரி யார்? கடையெழு வள்ளல்களில் ஒருவன், பெரிய வில்லாளி. சேரனுக்காகப் படையெடுத்து வந்த மலையமான் திருமுடிக்காரியிடம் போரில் தோற்று மாண்டவன். மலையும் சேரன் கைக்குப் போனது. இரண்டாயிரம் ஆண்டாகியும் செம்மேட்டில் சிலை நிற்பது ஓரிக்குத்தான். ஆடி மாதத்தில் இரண்டு நாள் அரசு விழா எடுப்பதும் ஓரிக்குத்தான், வில்வித்தைப் போட்டியோடு. இந்த மலையில் காரிக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

அந்த விழாவை வைத்து ஒரு யோசனை சொல்கிறேன். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று பெரும்பாலும் நாடுகளாகவே பெயர். ஊராட்சிக்கு ஓர் அணி என்று வைத்து ஏழு ஏழாக இரண்டு பிரிவாக்கிவிடலாம். பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரிவுக்கு மூன்று ஆட்டம் என்றால் ஏழு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஏழு அணிகள் என்பதால் வாரம் ஓர் அணிக்கு ஓய்வு. அந்த வாரம் விசில் ஊதுவதும் புள்ளி எழுதுவதும் அந்த அணியின் வேலை. 70 வளைவு இறங்க வேண்டியதில்லை. நாட்டுக்கு நாடு போகப் பைக்கே போதும். விழாவுக்கு முந்தைய ஏழு வாரம் என்று வைத்தால், விழாவுக்காக ஊருக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே வந்து ஓர் ஆட்டமாவது ஆடுவார்கள்.

இறுதி ஆட்டம் ஓரி விழா அன்று செம்மேட்டில் நடக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால், கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு பிரிவிலும் கடைசியாக வந்த இரண்டு அணிகளையும் களத்தில் இறக்க வேண்டும். பதினான்காவது யார் என்று தெரிய வேண்டாமா?