நம்பிக்கைச் சங்கிலி

காணி வாங்குவோர் கையிலுள்ள உறுதியை மாத்திரம் பார்த்து அமைவதில்லை. முன்னைய உறுதிகளையும் ஆராய்வர். கணினிகளும் அவ்வாறே செய்கின்றன. ஓர் இணையச் சேவை காட்டும் சான்றிதழுக்கு ஓர் இடைச் சான்றிதழும், அதற்கு ஒரு மூலச் சான்றிதழும் சாட்சி பகர்கின்றன. அம்மூலம், சேவையை நாடும் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் இருத்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, ‘டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3’ என்னும் மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ வழங்கிய சான்றிதழ்களுக்கு அது பழைய சாட்சி. ‘ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1’ என்னும் புதிய மூலம் பட்டியலில் இருந்தும், ‘ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2’ என்னும் மென்பொருள் பழைய வழியையே பற்றிச் சென்று தொடர்பை மறுத்தது. சேவையின் சான்றிதழிற் குற்றமில்லை. நாடும் கணினியின் பட்டியலினின்று காலங்கடந்த மூலத்தை நீக்கியதும் வழி திறந்தது.

ஆகவே, பிழை தோன்றுமிடத்து ஒவ்வொரு கண்ணியாக ஆராய்தல் வேண்டும். கணினியின் கடிகாரம் சரிதானா? சான்றிதழ் காலாவதியானதா? அதிற் குறித்த பெயரும் சேவையின் முகவரியும் ஒன்றா? வழங்கி இடைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புகின்றதா? மூலம் பட்டியலில் உண்டா?

அவசரத்தாற் சிலர் சோதனையையே நிறுத்திவிடுவர். பிழைச் செய்தி மறையும். ஆயின், இடையிற் புகும் வஞ்சகனும் உரியவனாகவே ஏற்கப்படுவான். கடவுச்சொல்லும் பணக்கணக்கும் அவன் கைக்குச் செல்லும். அறுந்த கண்ணியைக் கண்டு செப்பனிடுதலே சேவை நடத்துவோரின் கடமை.