வரம்பற்றது - வரம்புக்கு உட்பட்டது!

(நொச்சிக்குப்பம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

அலையோடு பிறந்து அலையோடு வளர்ந்த அருமைத் தோழர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. "அன்லிமிடெட்" என்பது அந்தச் சொல். சுவரைப் பார்த்தால் அந்தச் சொல். ரீசார்ஜ் கடையின் தட்டியைப் பார்த்தால் அந்தச் சொல். தொலைக்காட்சியைத் திறந்தால், நடிகர் புன்னகையோடு உச்சரிப்பதும் அந்தச் சொல்! தமிழிலே சொன்னால் வரம்பற்றது, எல்லையற்றது, அளவிலாதது. ஆண்டவனுக்கென்று அடியார்கள் ஒதுக்கிவைத்திருந்த அடைமொழி அது. அதைக் கம்பெனிக்காரர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். ஆண்டவன் வழக்குத் தொடரவில்லை. அவன் தொடராவிட்டாலும் நாம் தொடரவேண்டியிருக்கிறது. காசு கொடுத்தவர்கள் நாமல்லவா!

அந்தச் சொல்லின் தோளிலே ஒரு சிறு நட்சத்திரக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். வானத்து நட்சத்திரம் கடலோடிக்கு வழி காட்டும். விளம்பரத்து நட்சத்திரமோ வழியை மறைக்கும். அந்தக் குறியைத் தேடிச் சென்றால், பக்கத்தின் அடியிலே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்திலே, "நியாயமான பயன்பாட்டுக் கொள்கைக்கு உட்பட்டது" என்றிருக்கும். ஃபேர் யூசேஜ் பாலிசி என்று அவர்கள் பாஷையிலே பெயர். குறிப்பிட்ட அளவு வரையில் பேசிய வேகம். அந்த அளவைத் தாண்டினால் வேகத்தை வெட்டிவிடுவார்கள் என்பது அதன் பொருள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் வாசகம் என்ன? வரம்பற்றது - வரம்புக்கு உட்பட்டது!

நான் நாடகம் எழுதுகிறவன். ஆகவே ஒரு காட்சியாகவே காட்டிவிடுகிறேன்.

வாங்குபவர்: ஐயா, இது அளவில்லாத இணைப்புத்தானே?

விற்பவர்: சந்தேகமென்ன! அளவே கிடையாது.

வாங்குபவர்: எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

விற்பவர்: தாராளமாக! 3300 ஜி.பி. வரையில்.

வாங்குபவர்: வரையில் என்றால், அது அளவாயிற்றே!

விற்பவர்: அதை அளவென்று சொல்லாதீர்கள். நியாயம் என்று சொல்லுங்கள்!

வாங்குபவர்: நியாயம் தீர்ந்துபோன பிறகு?

விற்பவர்: இணைப்பு இருக்கும், வேகம் இருக்காது.

வாங்குபவர்: வேகம் இல்லாத இணைப்பு எதற்கையா?

விற்பவர்: அளவில்லை என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்கு!

அரிச்சந்திரன் தோற்றான், தோழர்களே!

3300 என்பது நான் கற்பித்த எண்ணல்ல. 2020ஆம் ஆண்டு ஜியோவும் ஏர்டெலும் போட்டி போட்டுக்கொண்டு வரம்பற்ற வீட்டு இணைப்புத் திட்டங்களை அறிவித்தபோது, வரம்பற்ற அந்தத் திட்டங்களுக்குள் இருந்த வரம்பு அது. நேர்மையாகப் பேசவேண்டும், அந்த அளவு சிறியதல்ல. உயர்தரப் படம் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ 3 ஜி.பி. ஆகும். அப்படியானால் 1100 மணி நேரம் படம் பார்க்கலாம். மாதத்துக்கு இருப்பதோ 720 மணி நேரம்! உண்ணாமல் உறங்காமல் பார்த்தாலும் ஒரு திரையால் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் வேறொரு கணக்கும் உண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் என்று வேகத்தை விற்கிறார்களே, அந்த வேகத்தை இடைவிடாமல் பயன்படுத்தினால் 3300 ஜி.பி. எத்தனை நாளில் தீரும்? மூன்று நாளும் ஒரு மணி நேரமும்! முப்பது நாள் வேகம் என்று விற்றது, மூன்று நாளில் முடியக்கூடியது.

பெரும்பாலான வீடுகளுக்கு அந்த அளவு போதும் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்வதிலே என்ன வெட்கம்? "மாதம் 3300 ஜி.பி." என்று கொட்டை எழுத்திலே போட்டால் குடி முழுகிவிடுமா? தாராளமாகக் கொடுப்பவன் மறைக்கமாட்டான். மறைக்கிறான் என்றால், நாளை அந்த எண்ணைக் குறைக்கும் உரிமையைத் தன் பையிலே வைத்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள்!

கம்பெனிக்காரர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. எதிரியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துரைப்பது நம் மரபு. "கம்பி பொதுவானது. தெருவிலுள்ள எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஓர் ஓட்டம். ஒருவர் இரவு பகலாக வாரிக்கொண்டே இருந்தால், அடுத்த வீட்டுக்காரருக்குச் சொட்டுத்தான் வரும். ஆகவே கட்டுப்பாடு தேவை" என்கிறார்கள். உண்மைதான். கட்டுப்பாடு கூடாதென்று நான் சொல்லவரவில்லை. அதிலும் நொச்சிக்குப்பத்திலே நின்றுகொண்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது!

கடல் பொதுவானது, அதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையிலே விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீன் குஞ்சு பொரிக்கட்டும், கடல் மூச்சு விடட்டும் என்பதற்காக. அந்தக் கட்டுப்பாட்டை உற்றுப் பாருங்கள். நாள் எது என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். நட்சத்திரக் குறி கிடையாது. அது கட்டுமரக்காரனை விட்டுவிட்டு விசைப்படகை நிறுத்துகிறது. பெரியவனை முதலில் தடுக்கிறது. தடைக்காலத்திலே அரசு நிவாரணம் தருகிறது. யாரையும் நடுக்கடலிலே கைவிடுவதில்லை. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்காரருக்கென்று ஒதுக்கியதே 1983ஆம் ஆண்டுச் சட்டம், அதன் உள்ளமும் இதுதான்.

முன்கூட்டிச் சொல்வது, பெரியவனை முதலில் கட்டுவது, எவரையும் கைவிடாதிருப்பது - கட்டுப்பாடு நியாயமானதா என்று உரசிப்பார்க்க இந்த மூன்று கல் போதும். அந்தக் கல்லிலே கம்பெனியின் "நியாயத்தை" உரசிப் பார்ப்போம்.

முன்கூட்டிச் சொல்கிறார்களா? நட்சத்திரத்தைப் பார்த்தோம். இந்தச் சந்தையிலே மீன் விற்கும் தாய்மார்களின் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். எடைக்கல் குறைந்தால் அபராதம். வாங்குபவர் கண்ணெதிரே முள் ஆடுகிறது. ஆனால் கோடிக்கணக்கில் வணிகம் செய்பவனின் தராசு எங்கே இருக்கிறது? அவன் மாளிகைக்குள்! மாதத்தின் நீளத்தைக்கூட மாற்றினார்கள். 28 நாளுக்கு ஒரு மாதம் என்றார்கள். அவர்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்! முப்பது நாள் திட்டம் ஒன்றாவது கட்டாயம் வைக்கவேண்டும் என்று 2022 சனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட வேண்டியதாயிற்று.

பெரியவனை முதலில் கட்டுகிறதா? கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்த குடும்பத்துக்கு 3300 ஜி.பி. வீட்டுக்குள் கம்பி வராத குடும்பத்துக்குக் கைப்பேசிதான் கதி. அதிலே பரவலாக விற்கும் அளவு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி.; முப்பது நாளுக்கு 45. எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! வீட்டிலே மூன்று கைப்பேசி என்றால் மூன்று ரீசார்ஜ். 2024 சூலையிலே மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தின. குறைந்த அளவு பெறுபவன், கூடுதலாகப் பணம் கட்டுகிறான். பெயர் மட்டும் அவனுக்கும் "அன்லிமிடெட்"!

கைவிடாதிருக்கிறதா? இதுதான் நெஞ்சைச் சுடும் கேள்வி. அன்றாட அளவு தீர்ந்ததும் பல கைப்பேசித் திட்டங்களில் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்குகிறது. அறுபது எம்.பி. கொண்ட ஒரு பாடக் காணொளி, அந்த வேகத்தில் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒற்றை அறையிலே, அண்ணன் தம்பியோடு ஒரு கைப்பேசியைப் பங்கிட்டுக்கொண்டு, தன் முறை வரும்வரை காத்திருந்து பாடத்தைத் திறக்கிறாள் ஒரு பெண். அப்போது தீர்ந்துபோகிறது அன்றைய ஒன்றரை! இரவு பத்து மணிக்கு, விடியுமுன் கடலில் இறங்கப்போகிறவன், காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்று படம் பார்க்க விழைகிறான். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2017 நவம்பரின் ஒக்கிப் புயலை மறக்காத தமிழனுக்கு, அந்தச் சுழலும் வட்டம் வேடிக்கையாகத் தெரியாது.

இதிலே ஒரு வேதனையான வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வரும் கடலடிக் கம்பி எங்கே கரையேறுகிறது? நம் சென்னைக் கரையிலே! அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்களே, ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் கம்பி, அது எங்கிருந்து புறப்படுகிறது? நம் சென்னையிலிருந்து! உலகத்தின் செய்தியெல்லாம் உங்கள் வலைக்குக் கீழே ஓடிவருகிறது. உங்கள் படகும் ஃபைபர். அவன் கம்பியும் ஃபைபர். ஆனால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் ஒன்றரைப் படி அளந்து, அதற்கு அளவிலாதது என்று பெயர்!

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். வீட்டு இணைப்பிலே, அளவு தீர்ந்த பிறகும் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது. பாதி, தொண்ணூறு விழுக்காடு, முழு அளவு தீர்ந்ததும் அறிவிக்கவேண்டும் என்று 2016 அக்டோபரில் ஆணையம் கட்டளையிட்டது. வரவேற்போம். ஆனால் 2023 சனவரியிலே மத்திய அரசு, விநாடிக்கு 2 மெகாபிட் இருந்தால்தான் அது அகலக்கற்றை என்று இலக்கணம் வகுத்தது. 512 என்பது அதிலே கால் பங்கு. அதாவது, அரசின் இலக்கணப்படி அகலக்கற்றையே ஆகாத ஒன்றை, அகலக்கற்றை என்று சொல்லி, அளவில்லாதது என்றும் சொல்லி விற்கலாம்! 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. சிறு குறிப்பு, பெரிய வாசகத்தை மறுத்துப் பேசக்கூடாது. அதே மொழியிலே, அதே எழுத்திலே இருக்கவேண்டும் என்கிறது. வாசகம் தமிழிலே வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறதே, நிபந்தனை எந்த மொழியிலே ஒளிந்திருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்!

அமெரிக்காவிலேயும் இந்த வித்தை நடந்தது. ஏ.டி. அண்ட் டி. என்ற பெரும் கம்பெனி, வரம்பற்றது என்று விற்றுவிட்டு வேகத்தை வெட்டியது. 2014இல் அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது; 2019இல் 6 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே சொல்லுக்கு விலை உண்டு என்றால், சொல் தவறாமையை அறமாகப் போற்றும் தமிழகத்திலே அதற்கு விலை வேண்டாமா?

1967இலே அறிஞர் அண்ணா மக்களிடம் சென்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். இலட்சியத்தை மேடையிலே முழங்கிவிட்டு, நிச்சயத்தைச் சிற்றெழுத்திலே ஒளித்தாரா? இரண்டையும் ஒரே மூச்சிலே சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். வாக்களிப்பவன் அளவைச் சொல்லவேண்டும் என்ற பாடம், அந்தப் படியிலே இருக்கிறது.

நாம் கேட்பது என்ன? அளவிருந்தால் "அன்லிமிடெட்" என்ற சொல் கூடாது. இருக்கும் அளவைத் தமிழிலே, அதே பருமனில் அச்சிடவேண்டும். வீட்டுக் கம்பியானாலும் கைப்பேசியானாலும், அளவு தீர்ந்த பிறகு 2 மெகாபிட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது. பாடத்துக்கும் வானிலைக்கும் வழி ஒருபோதும் அடைபடக்கூடாது. 2021இலே தமிழக அரசு 9 இலட்சத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவசமாக வழங்கியது, நான்கு மாதத்தோடு அது நின்றது. கொள்ளைநோய்க் காலத்துச் சலுகை, எந்நாளும் உரிமையாகவேண்டும்.

தொலைத்தொடர்பு மத்தியப் பட்டியலிலே, 31ஆவது இனமாகப் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி டில்லியிலே. அதற்காக நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. 2015இலே இணையச் சமன்மை கேட்டுப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் ஆணையத்தின் வாயிலிலே குவிந்தன. 2016 பிப்ரவரியிலே, இணையதளத்துக்கு ஒரு கட்டணம் என்று பேதம் காட்டும் திட்டங்களுக்குத் தடை பிறந்தது. ஃபேஸ்புக் பெருங்கம்பெனியே பின்வாங்கியது. எழுதிய கைகள் வென்றன!

கழகத் தோழர்களே, இன்னொன்றும் செய்யுங்கள். அந்நாளிலே படிப்பகத்திலே ஒரு பத்திரிகை வரும். ஒருவர் படிப்பார், இருபது பேர் கேட்பார்கள். அந்த இருபது பேரால் ஓர் இயக்கம் எழுந்தது. தேநீர்க் கடையிலும் பொது இணைய நிலையம் அமைக்க 2020 திசம்பரிலே மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது, உரிமம் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் தன் படிப்பகத்துக்கு ஒரு கம்பி இழுக்கட்டும். அதிலே முதலிடம் மாணவருக்கு. எவ்வளவு டேட்டா, எத்தனை மணி வரையில், யாருக்கு முன்னுரிமை என்பதை வாசலிலே கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். கட்டுப்பாட்டை எப்படி நியாயமாக நடத்துவது என்று கம்பெனிக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்!

ஆணையத்துக்கு அனுப்பவேண்டிய கோரிக்கை மனு மேடைக்கு அருகிலே இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுக் கலையுங்கள்!